வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு 1040 என்கிற வரிப் படிவம் நன்றாகத் தெரியும். ஏப்ரல் நடுவில் அனுப்பியாக வேண்டிய அதே படிவம்தான். அதன் முதல் பக்கத்தில், பெயரும் விலாசமும் எழுதும் இடத்தை ஒட்டி ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் போக வேண்டும் என்று விரும்பினால் டிக் செய்யுங்கள், இதனால் உங்கள் வரி கூடாது, திரும்பி வரும் பணமும் குறையாது என்று எழுதியிருக்கும். கணினியில் வரி போடுகிறவர்கள் அந்தக் கேள்வியை அரை நொடியில் தாண்டிவிடுவார்கள். கணக்கரிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கையோடு வைக்கப்பட்ட கட்டம் அது. அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரத்தில் நிறுவனங்கள் திருட்டுத்தனமாகக் கொடுத்த பணமெல்லாம் வெளியே வந்த பிறகு, அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் முதலாளிகளின் வாசலில் நிற்காமல் இருக்க ஒரு வழி செய்தார்கள். கட்சியின் வேட்பாளர் ஆனவருக்கு அரசே பணம் தரும். வாங்கிக்கொண்டவர் தனியாரிடம் வசூலிக்கக் கூடாது, கொடுத்த தொகைக்குள்ளேயே செலவு செய்ய வேண்டும். 1976 முதல் 2004 வரை இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் கடைசிச் சுற்றுக்கு இந்த நிதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கார்ட்டர், ரீகன், கிளின்டன், புஷ் எல்லாரும் இந்த வழியில் வந்தவர்கள்தான். கட்சிகளின் கணக்கு வழியாகப் பின்வாசலில் பணம் வராமல் இல்லை. ஆனால் முன்வாசல் பூட்டித்தான் இருந்தது.

அந்தப் பூட்டை முதலில் கழற்றியவர் முற்போக்காளர்கள் கொண்டாடிய பராக் ஒபாமா. 2008ல் ஜான் மெக்கெய்ன் 8.4 கோடி டாலர் அரசு நிதியை வாங்கிக்கொண்டார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தேர்தல் முழுக்க 70 கோடிக்கு மேல் வசூலித்தார். அதில் சாதாரண மக்கள் இணையம் வழியாகக் கொடுத்த சிறுதொகைகள் ஏராளம். கூடவே கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற வங்கிகளின் ஊழியர்களும் அதிகாரிகளும் கொடுத்ததும் இருந்தது. 2012ல் இரண்டு கட்சிகளுமே அரசு நிதியைத் தொடவில்லை. 1980 வாக்கில் வரி கட்டுகிறவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் டிக் செய்த கட்டத்தை இப்போது நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடுவதில்லை.

எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, பெருஞ்செல்வர்கள் மேல் கூடுதல் வரி, ஏகபோகங்களை உடைப்பது, தொழிற்சங்கங்களுக்குப் பலம். இதையெல்லாம் கேட்கும் முற்போக்கு வாக்காளர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இந்த வேட்பாளர் நம் ஆளா, கார்ப்பரேட் ஆளா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைப் பெரும்பாலும் நவம்பரில் கேட்கிறார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே பணம் தன் வேலையை முடித்திருக்கும். இந்தத் தாமதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

நிறுவனம் எப்படிக் கொடுக்கிறது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் கஜானாவிலிருந்து அதிபர் வேட்பாளருக்கு நேராகப் பணம் கொடுக்க முடியாது. அந்தத் தடை 1907லிருந்து இருக்கிறது. 1904ல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிரசாரத்துக்கு நியூயார்க் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசிதாரர்களின் பணத்தை எடுத்துக் கொடுத்தது அடுத்த வருட விசாரணையில் அம்பலமாக, அந்தக் கோபத்தில் வந்த சட்டம் அது.

அப்படியானால் 'கார்ப்பரேட் பேக்' என்று திட்டுகிறார்களே, அது என்ன? நிறுவனம் நடத்தும் அரசியல் நிதிக் குழுவைத்தான் சுருக்கமாகப் பேக் என்கிறார்கள். அதிகாரிகளும் பங்குதாரர்களும் ஆளுக்கு வருடத்தில் 5,000 டாலர் வரை அதில் போடலாம். குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 வரை கொடுக்கலாம். ஒரு மாவட்டத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடுகிறவருக்கு இப்படி நூறு குழுக்கள் கொடுத்தால் அது பெரிய காசு. நூறு கோடி செலவாகும் அதிபர் தேர்தலில் இது தூசு. அதனால்தான் 2020ல் ஜனநாயகக் கட்சியின் முன்னணி வேட்பாளர்கள் எல்லாருமே 'கார்ப்பரேட் பேக் பணம் தொட மாட்டேன்' என்று சத்தியம் செய்தார்கள். வேட்பாளருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. அந்தச் சத்தியத்தை மட்டும் வைத்து ஒருவரை எடை போட்ட வாக்காளர்தான் ஏமாந்தார்.

பெரிய பணம் வேறு வழிகளில் வருகிறது. 2024ல் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குத் தேர்தலுக்கு 3,300 டாலர்தான் கொடுக்கலாம். ஆனால் வேட்பாளர், தேசியக் கட்சி, மாநிலக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரே உண்டியல் வைத்துக்கொள்ளலாம். பைடனின் அப்படிப்பட்ட கூட்டு உண்டியலில் ஒருவர் 9 லட்சம் டாலருக்கு மேல் போட முடிந்தது. தன் நண்பர்கள், கூட்டாளிகள், கீழே வேலை பார்க்கும் அதிகாரிகள் என்று ஐம்பது நூறு பேரிடம் காசோலை வாங்கி மொத்தமாகச் சேர்த்துத் தருகிறவர்களும் உண்டு. இவர்களின் பெயர்களைப் பிறகு வெளிநாட்டுத் தூதர் பட்டியல்களில் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே சூப்பர் பேக். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில், வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு நிறுவனங்களைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு மாதத்தில் இன்னொரு நீதிமன்றம், அப்படித் தனியாகச் செலவு செய்யும் குழுக்கள் வாங்கும் நன்கொடைக்கும் வரம்பு கிடையாது என்றது. அன்றிலிருந்து ஒரு கோடீஸ்வரர் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். 2024ல் இலான் மஸ்க் டிரம்ப் தரப்புக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது இந்த வழியில்தான்.

பணம் வாங்குவது நேரத்தை

நன்கொடை வாங்கினார், உடனே சட்டத்தை மாற்றினார் என்று கையும் களவுமாகப் பிடிப்பது அபூர்வம். அப்படி நடந்தால் அது லஞ்சம், ஜெயில். அன்றாடம் நடப்பது அதைவிடச் சாதாரணமாக இருக்கும்.

2012 தேர்தலில் ஜெயித்து முதல்முறையாக வாஷிங்டன் வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்குக் கட்சி ஒரு மாதிரி நேர அட்டவணை காட்டியது. தொகுதி மக்களைச் சந்திக்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம், குழுக் கூட்டங்களுக்கும் சபைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம், நன்கொடை கேட்டு போன் செய்ய நாலு மணி நேரம். ஆமாம், நாலு. அரசு அலுவலகத்திலிருந்து பணம் கேட்பது சட்டவிரோதம் என்பதால் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்து எழுந்து, அருகிலுள்ள கட்சி அலுவலகத்துக்குப் போய், சிறு தடுப்பறையில் உட்கார்ந்து, உதவியாளர் நீட்டும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் பள்ளி ஆசிரியரோ பேருந்து ஓட்டுநரோ இருக்க மாட்டார். தினம் நாலு மணி நேரம் வசதியானவர்களின் கவலைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற எந்த மனிதருக்கும், பத்து வருடத்தில் உலகமே அந்தக் கவலைகளால் ஆனதாகத்தான் தெரியும். கெட்ட எண்ணம் தேவையே இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜாஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் அரசியல் அமைப்போடு சேர்ந்து 191 உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குச் சந்திப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். சிலவற்றில் வருகிறவர்கள் 'தொகுதி மக்கள்' என்று இருந்தது. மற்றவற்றில் 'நன்கொடையாளர்கள்' என்று இருந்தது. மீதிக் கடிதம் ஒன்றுதான். நன்கொடையாளர்கள் என்று எழுதியிருந்தபோது மூத்த அதிகாரிகள் நேரம் ஒதுக்கியது மூன்று முதல் நாலு மடங்கு அதிகம். ஒரே ஒரு வார்த்தைக்குக் கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது பாருங்கள்.

மருந்து விலைக் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். 2003 நவம்பரில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா வந்தது. நல்ல காரியம். ஆனால் உள்ளே ஒரு வரி இருந்தது: மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேரம் பேசக் கூடாது. கோடிக்கணக்கான முதியோருக்காக மருந்து வாங்கும் நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர், சொன்ன விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடியும் வாக்கெடுப்பை, தோற்றுவிடும் போலிருந்ததால், விடியற்காலையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்து வைத்து 220க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். அந்த மசோதாவை முன்னின்று நடத்திய குழுத் தலைவர்களில் ஒருவர் லூசியானாவின் பில்லி டாசின். சபையை விட்டு வெளியேறி 2005 ஜனவரியில் அவர் போய் உட்கார்ந்த இடம், மருந்துக் கம்பெனிகளின் சங்கத் தலைவர் நாற்காலி. சம்பளம் வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று அப்போதே செய்தி வந்தது.

2008ல் ஒபாமா இதைச் சொல்லியே ஒரு விளம்பரம் எடுத்தார். டாசினைக் காட்டி, இந்த விளையாட்டை நான் மாற்றுவேன் என்றார். அதைப் பார்த்து வாக்களித்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வருடம் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தயாரானபோது வெள்ளை மாளிகை அதே டாசினோடு உட்கார்ந்து பேசியது. மருந்து நிறுவனங்கள் பத்து வருடத்தில் 8,000 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்கும், சட்டத்தை எதிர்க்காது. விலை பேரம் பேசும் அதிகாரம் சட்டத்தில் இடம்பெறவில்லை. அந்தச் சங்கத்தைப் பகைத்திருந்தால் சட்டமே வந்திருக்காது என்று ஒபாமா தரப்பு சொன்னது. அதில் உண்மையும் இருக்கலாம். மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபரே மருந்துக் கம்பெனிகளின் சம்மதம் இல்லாமல் நகர முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பேரம் பேசும் உரிமை 2022 ஆகஸ்டில்தான் வந்தது. மேலவையான செனட்டில் 50க்கு 50 என்று நின்ற வாக்கை முடித்துவைத்தவர் துணை அதிபர் கமலா ஹாரிஸ். முதல் 10 மருந்துகளின் புது விலை 2026 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது. 2003க்கும் 2026க்கும் நடுவே சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை வாங்கிய முதியவர்களை நினைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

27 டாலரும் ஒயின் குகையும்

இந்தப் பின்னணியில்தான் 2016ல் பெர்னி சாண்டர்ஸ் எழுந்தார். வெர்மான்ட் மாநிலத்து மேலவை உறுப்பினர், எழுபதைத் தாண்டியவர், பல வருடம் எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்தவர். அவர் கூட்டங்களில் 'சராசரி நன்கொடை எவ்வளவு?' என்று அவர் ஆரம்பித்தால் கூட்டமே '27 டாலர்' என்று முழங்கும். சூப்பர் பேக் வேண்டாம், பணக்காரர் வீட்டு விருந்து வேண்டாம் என்றே 20 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் 22 மாநிலங்களில் ஜெயித்தார்.

எதிரே ஹிலாரி கிளின்டன். அமைச்சர் பதவியை விட்ட பிறகு 2013ல் கோல்ட்மேன் சாக்ஸ் கூட்டங்களில் மூன்று முறை பேசி 6,75,000 டாலர் வாங்கியிருந்தார். இவ்வளவு வாங்கியாக வேண்டுமா என்று தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கேட்டபோது, அவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் 2008 நெருக்கடியில் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும்? அந்த உரைகளில் பயங்கரமான ரகசியம் எதுவும் இல்லை என்பது பிறகு கசிந்த பிரதிகளில் தெரிந்தது. வங்கிகளோடு அவ்வளவு இயல்பாக, சொந்தக்காரர் போலப் பேசியதுதான் அதில் இருந்தது. அது போதாதா?

2020ல் முற்போக்குத் தரப்பில் சாண்டர்ஸோடு இன்னொரு மேலவை உறுப்பினரான எலிசபெத் வாரனும் நின்றார். உட்கட்சித் தேர்தல் முடியும்வரை பணக்காரர்களுக்கென்று தனி நிதி விருந்து நடத்த மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தார். 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விவாதத்தில், அதே போட்டியில் இருந்த பீட் புட்டிஜட்டை அவர் பிடித்துக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், ஒயின் பீப்பாய்கள் வைக்கும் குகை ஒன்றில், படிகச் சரவிளக்கின் கீழே புட்டிஜட்டுக்கு நிதி விருந்து நடந்திருந்தது. ஒயின் குகையில் உட்காரும் கோடீஸ்வரர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார் வாரன். மேடையில் நிற்பவர்களில் கோடீஸ்வரன் அல்லாதவன் நான் ஒருவன்தான் என்று புட்டிஜட் திருப்பிக் கொடுத்தார். வாரன் தன் மேலவைப் பிரசாரத்தில் பெரிய நன்கொடைகள் வாங்கிச் சேர்த்ததிலிருந்து 1.04 கோடி டாலரை அதிபர் பிரசாரத்துக்கு மாற்றியிருந்தார். புட்டிஜட் அதையும் சொல்லிக் காட்டினார். கடைசி வாரங்களில் வாரனுக்கும் ஒரு சூப்பர் பேக் வந்தது, அவர் அதைத் தடுக்கவில்லை. எனக்கு வாரன் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் கை கழுவிவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

அந்த உட்கட்சிப் போட்டியில் முற்போக்காளர்கள் இன்றும் மறக்காத ஒன்று உண்டு. விவாத மேடையில் ஏற, இத்தனை ஆயிரம் பேர் நன்கொடை தந்திருக்க வேண்டும் என்று கட்சி விதி வைத்திருந்தது. ஒரு டாலர் தந்தாலும் கணக்கு. சாதாரண மக்களின் கைக்கு முதல்முறையாக ஓர் அதிகாரம் வந்தது. சொந்தப் பணத்தில் போட்டியிட்ட பெருங்கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் நன்கொடையே வாங்குவதில்லை என்பதால் அவரால் ஏற முடியாது. 2020 ஜனவரி கடைசியில் கட்சி அந்த விதியையே எடுத்துவிட்டது. அடுத்த மாதம் அவர் மேடை ஏறினார்.

சரி, அப்புறம் நடந்ததைக் கார்ப்பரேட் சதி என்று மட்டும் சொல்லி முடித்தால் அது பொய்யாகிவிடும். ப்ளூம்பெர்க் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவிட்டு ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியை மட்டும். பிப்ரவரி 29 அன்று சவுத் கரோலினாவில் பைடனைத் தூக்கி நிறுத்தியது பணம் அல்ல, அப்போது அவரிடம் பணமே பெரிதாக இல்லை. அந்த மாநில உட்கட்சித் தேர்தலில் பாதிக்கு மேல் கறுப்பின வாக்காளர்கள். நடுத்தர வயதையும் தாண்டிய தேவாலயத்துப் பெண்களும் ஆண்களும் ஒபாமாவோடு எட்டு வருடம் நின்றவரை நம்பினார்கள். அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான ஜிம் க்ளைபர்ன் ஆதரவு சொன்னதும் அந்த நம்பிக்கை உறுதியானது. மூன்றே நாளில், தான் பிரசாரத்துக்கே போகாத மினசோட்டாவிலும் மாசசூசெட்ஸிலும்கூட பைடன் ஜெயித்தார். டிரம்ப்பைத் தோற்கடிப்பது யாரால் முடியும் என்று அந்த மக்கள் கணக்குப் போட்டார்கள். இனவெறியின் அடியை முதலில் வாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களைக் கார்ப்பரேட் பேச்சில் மயங்கியவர்கள் என்று சில முற்போக்காளர்கள் அப்போது பேசியது அநியாயம். அரசியல் ரீதியாகவும் முட்டாள்தனம்.

தோற்றவர்களுக்குக் கிடைத்தது

பைடன் தன் பிரசாரத்தை ஆரம்பித்த 2019 ஏப்ரல் 25 அன்று மாலையே, ஃபிலடெல்ஃபியாவில் காம்காஸ்ட் நிறுவன உயரதிகாரி ஒருவர் வீட்டில் நிதி விருந்துக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து நியூயார்க் கார்லைல் ஹோட்டலில் பணக்கார நன்கொடையாளர்களிடம், கொஞ்சம் கூடுதலாக வரி கட்டினாலும் உங்கள் வாழ்க்கையில் அடிப்படையாக எதுவும் மாறாது என்று பேசினார். அவர் மாநிலமான டெலவேரில் கடன் அட்டை நிறுவனங்கள் பல இருந்தன. 2005ல் திவாலாகும் குடும்பங்களுக்குப் பிடியை இறுக்கிய சட்டத்துக்கு அவர் துணை நின்றார். அன்று மேலவை விசாரணையில் அவரோடு நேருக்கு நேர் வாதாடியவர் ஹார்வர்ட் பேராசிரியையாக இருந்த எலிசபெத் வாரன்.

இப்படிப்பட்டவர் அதிபரானால் என்ன நடக்கும் என்று முற்போக்காளர்கள் பயந்தது நியாயம்தான். ஆனால் நடந்தது வேறு. 2021 ஜூனில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற வணிகக் கண்காணிப்பு அமைப்புக்குத் தலைவராக 32 வயது லினா கானைப் பைடன் நியமித்தார். சட்டம் படிக்கும்போதே அமேசானின் ஆதிக்கம் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு வாரனோடு வேலை பார்த்த ரோஹித் சோப்ரா வந்தார். அமேசான் மேல் வழக்குப் போனது, பெரிய மளிகைக் கடைச் சங்கிலிகள் இரண்டு ஒன்று சேருவதை நீதிமன்றத்தில் தடுத்தார்கள்.

ஏன் இப்படி? 2020 உட்கட்சித் தேர்தலில் சாண்டர்ஸும் வாரனும் சேர்ந்து வாங்கிய வாக்குகளைப் பைடனால் ஒதுக்க முடியவில்லை என்பதுதான் என் பதில். நவம்பரில் அந்த வாக்குகள் அவருக்குத் தேவை. சாண்டர்ஸ் விலகியதும் இரண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்த ஆறு குழுக்கள் உட்கார்ந்து கொள்கைகளைப் பேசின. அதில் மருத்துவக் குழுவுக்குக் கூட்டுத் தலைவராக இருந்தவர் சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால். வேட்பாளர் போட்டியில் தோற்றவர்கள், பதவி நாற்காலிகளில் சிலதை ஜெயித்தார்கள்.

2008ஐ இதோடு வைத்துப் பாருங்கள். அந்த அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பே, சிட்டிகுரூப் வங்கியில் இருந்த மைக்கேல் ஃப்ரோமன் ஒபாமாவின் ஆட்களுக்கு அமைச்சர் பதவிக்கான பெயர்களை மின்னஞ்சலில் அனுப்பினார். எட்டு வருடம் கழித்து விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது பார்த்தால், அதிலிருந்த பல பெயர்கள் அதே பதவிகளுக்கு வந்திருந்தன. 2008ல் முற்போக்காளர்கள் வேட்பாளர் போட்டியில் ஜெயித்தார்கள், நிதித்துறை நாற்காலிகளைக் கோட்டைவிட்டார்கள். அன்று அவர்களிடம் பட்டியல் இல்லை. வங்கியிடம் இருந்தது.

2024ல் கேட்க முடியாமல் போனது

2024ல் உட்கட்சிப் போட்டி என்று ஒன்று உண்மையில் நடக்கவில்லை. பைடன் மறுபடி நின்றார், கனமான எதிராளி யாரும் வரவில்லை. ஜூன் விவாதத்தில் அவர் தடுமாறிய பிறகு அவரைப் போகச் சொன்ன குரல்களில், இனி பணம் தர மாட்டோம் என்று சொன்ன பெரிய நன்கொடையாளர்களின் குரல் சத்தமாகக் கேட்டது. ஜூலை 21ல் விலகினார். ஹாரிஸ் வேட்பாளரானார். அவர் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்தது, அமெரிக்கத் தமிழர்கள் பலர் நெகிழ்ந்தார்கள். எனக்கும் அந்த நெகிழ்ச்சி உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2019 டிசம்பரில் ஹாரிஸ் முதல் போட்டியிலிருந்து விலகியபோது சொன்ன காரணம் பணம் இல்லை என்பது. ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே அவர் போய்விட்டார். 2024ல் உட்கட்சி வாக்குகளைச் சந்திக்காமலே வந்தார். அதாவது, மருத்துவக் காப்பீட்டிலோ வரியிலோ ஏகபோகத்திலோ நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்கும் வாய்ப்பு முற்போக்காளர்களுக்கு இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

பணம் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அவர் வேட்பாளரான சில நாட்களிலேயே, லிங்க்டின் நிறுவனர்களில் ஒருவரும் மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழுவில் இருப்பவருமான ரீட் ஹாஃப்மன், ஹாரிஸ் ஜெயித்தால் லினா கானை மாற்ற வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அவர் கட்சிக்குப் பெருந்தொகை கொடுப்பவர். கானை வைத்துக்கொள்வேன் என்றோ மாட்டேன் என்றோ ஹாரிஸ் கடைசிவரை சொல்லவில்லை. செப்டம்பரில், பெரும் பணக்காரர்களின் மூலதன ஆதாயத்துக்குப் பைடன் முன்வைத்த 39.6 சதவீத வரிக்குப் பதில் 28 சதவீதம் போதும் என்றார். இரண்டுக்கும் நன்கொடைக்கும் கயிறு கட்டிக் காட்ட என்னால் முடியாது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்க உட்கட்சித் தேர்தல் என்ற கயிறு அந்த வருடம் யார் கையிலும் இல்லை.

அதே வருடம் கிரிப்டோ நாணய நிறுவனங்கள் சேர்த்த ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக், கலிஃபோர்னியா மேலவைக்கு நின்ற கேட்டி போர்ட்டருக்கு எதிராக 1 கோடி டாலர் செலவிட்டது. நிறுவனத் தலைவர்களைச் சபையில் நிறுத்தி வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்டவர் போர்ட்டர். விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே வரவில்லை. மார்ச்சில் அவர் மூன்றாவதாக வந்து வெளியேறினார். ஓஹையோவில் தொழிலாளர் பக்கம் நின்ற ஷெரட் ப்ரவுனைத் தோற்கடிக்க 4 கோடி. 2028ல் நிற்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு அரசியல்வாதியும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் வரும்போது

எல்லாம் முடிந்து நவம்பரில் இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சும்போது, முற்போக்கு வாக்காளர் முன் வரும் கேள்வி கொடுமையானது. 2000ல் ஃப்ளோரிடாவில், பசுமைக் கட்சி சார்பில் மூன்றாவது வேட்பாளராக நின்ற ரால்ஃப் நேடர் 97,488 வாக்குகள் வாங்கினார். புஷ் ஜெயித்தது 537 வாக்கில். 2016ல் மிச்சிகனில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 51,463 வாக்கு, டிரம்ப்பின் வித்தியாசம் 10,704. அவர்களில் எல்லாரும் இன்னொரு பக்கம் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனாலும் மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே மாநிலம் முழுக்கப் போகிற முறையில், மூன்றாவது பெயருக்குப் போடும் வாக்கு என்ன செய்யும் என்பது கண்ணெதிரே இருக்கிறது. மெய்னில் 2020 முதல் அதிபர் தேர்தலிலும் வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம். மனசுக்குப் பிடித்தவரை முதலில் போட்டுவிட்டு, தாங்கக்கூடியவரை இரண்டாவதாகப் போடலாம். அந்த முறை இல்லாத மாநிலத்தில், அதுவும் இழுபறி மாநிலத்தில் இருந்தால், நான் தாங்கக்கூடியவருக்குத்தான் போடச் சொல்வேன். 2003ல் பேரம் கூடாது என்றது ஒரு ஆட்சி, 2022ல் கூடும் என்றது இன்னொன்று. அந்த வித்தியாசம் மாத்திரை வாங்குகிறவருக்குத் தெரியும்.

ஆனால் சண்டை போட வேண்டிய இடம் உட்கட்சித் தேர்தல். அங்கே ஒரு சாதாரணத் தடை இருக்கிறது. பல மாநிலங்களில் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அதில் வாக்களிக்க முடியும். 2016ல் நியூயார்க்கில் அந்தத் தேர்தல் ஏப்ரல் 19ல் நடந்தது. ஏற்கனவே பதிவு செய்திருந்தவர்கள் கட்சி மாறவோ சேரவோ கடைசி நாள் அதற்கு ஆறு மாதம் முன்பு, 2015 அக்டோபர் 9. அன்றைக்கு சாண்டர்ஸ் யாரென்றே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராத சுமார் 30 லட்சம் வாக்காளர்கள் வெளியே நின்றார்கள். எதிர்க் கட்சியில் டிரம்ப்பின் சொந்தப் பிள்ளைகள் இருவரே அந்தத் தேதியைத் தவறவிட்டு அப்பாவுக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். 2019ல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கடைசி நாளைப் பிப்ரவரி 14 என்று வைத்தார்கள். மற்ற மாநிலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வாக்காளராகப் பதிவு செய்யும்போது கட்சி என்ற இடத்தை வெறுமனே விட்டு வந்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் போட்டால் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.